அறுந்தது ஒரு கம்பி, நின்றது ஸ்போர்ட்ஸ் கார்! ஏன் தெரியுமா?

கிளட்சை மிதிக்கிறீர்கள். கியர் லீவரைத் தள்ளுகிறீர்கள். கொழுக்கட்டை மாவில் சொருகிய கரண்டி மாதிரி அது எந்தப் பக்கம் தள்ளினாலும் போகிறது. கியர் மட்டும் விழவில்லை! எஞ்சின் நன்றாக உறுமுகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்கூட உடையவில்லை. ஆனாலும் ஒரு டன் எடையுள்ள கார் நின்ற இடத்தைவிட்டு நகர மறுக்கிறது. காரணம், சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு கேபிள்! அந்தக் கேபிளுக்குள் ஒரு வெள்ளிச் சுரங்கமும், கப்பல் கட்டும் கயிற்றின் கணக்கும், நம் தெருவில் ஓடிய ஸ்கூட்டரும் ஒளிந்திருப்பது தெரியுமா?

முதலில் காரைப் பார்த்துவிடுவோம். 1984-இல் டொயோட்டா வெளியிட்ட எம்ஆர்2. ஜப்பான் பெரிய அளவில் தயாரித்து விற்ற முதல் நடு எஞ்சின் கார் அதுதான். இரண்டே இருக்கைகள், 1.6 லிட்டர் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். ரேடியேட்டரோ மூக்கில்! கூலிங் தண்ணீர் காரின் நீளம் முழுக்கப் போய்த் திரும்ப வேண்டும். பெட்ரோல் டேங்க் எங்கே தெரியுமா? இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில்! பிரான்சில் இந்தக் காரின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் ஒரு வசைச்சொல் காதில் விழும் என்பதால், அங்கே 2-ஐ வெட்டிவிட்டு வெறும் எம்ஆர் என்றே விற்றார்கள்.

எஞ்சின் பின்னால் போனால் கியர்பாக்ஸும் பின்னால் போய்விடும். லீவரோ ஓட்டுநரின் கைக்குப் பக்கத்தில். இடையில் இருக்கும் தூரத்தைக் கடப்பது எப்படி? ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கும் எஞ்சின் பின்னால்தான். ஆனால் அதன் கியர்பாக்ஸின் முனை நேராக லீவரைப் பார்த்தபடி இருக்கும். ஒரு நீளமான இரும்புத் தண்டு போதும். போர்ஷே 911-லும் பல்லாண்டுகள் அதே தண்டு வழிதான். எம்ஆர்2-வில் எஞ்சின் குறுக்கே கிடப்பதால் கியர்பாக்ஸும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. நேர்த்தண்டு அங்கே வளைந்து நெளிந்து போகாதே! போதாக்குறைக்கு, எஞ்சின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே இருக்கும். வளையவும் வேண்டும், குலுக்கலைத் தாங்கவும் வேண்டும். அதனால்தான் கேபிள். 1996-இல் வந்த போர்ஷே பாக்ஸ்டரும் கேபிளைத்தான் நம்பியது.

கேபிள் ஒன்றா? இல்லை, இரண்டு! லீவரை முன்னும் பின்னும் தள்ளுவதைக் கொண்டுபோவது ஒன்று. இடமும் வலமும் நகர்த்துவதைக் கொண்டுபோவது இன்னொன்று. பக்கவாட்டு அசைவைக் கேபிளால் நேரடியாகக் கடத்த முடியாதே? அதனால் லீவரின் அடியில் எல் வடிவத்தில் ஒரு சிறு நெம்புகோல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால், அது அந்த அசைவை முன்பின் அசைவாகத் திருப்பிக் கேபிளிடம் ஒப்படைக்கும்.

இரண்டு கியர் கேபிள் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வண்டி நினைவுக்கு வந்திருக்குமே! பஜாஜ் சேத்தக்! இத்தாலியில் 1946-இல் பிறந்த வெஸ்பாவின் வழி வந்தது. இடக்கைப் பிடியைத் திருகினால் கியர் மாறும். அதிலும் இரண்டு கேபிள்கள். ஆனால் காரணமே வேறு! ஸ்கூட்டர் கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கயிற்றைப் பிடித்து எதையாவது தள்ள முடியுமா? ஆகவே மேல்கியருக்கு இழுக்க ஒன்று, கீழ்கியருக்கு இழுக்க ஒன்று. கார் கேபிளோ கயிற்றால் முடியாததைச் செய்துகாட்டுகிறது. ஒரே கேபிள் இழுக்கவும் செய்கிறது, தள்ளவும் செய்கிறது!

எப்படி முடிகிறது? சூட்சுமம் அவுட்டர் எனப்படும் வெளியுறையில் இருக்கிறது. பிரேக் கேபிளின் அவுட்டரை உரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பி தெரியும். கியர் கேபிளின் அவுட்டரில் கம்பிகள் ஏறக்குறைய நீளவாக்கில், லேசாக முறுகி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி நிற்கும். அதனால் அவுட்டர் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. உள்ளே இருக்கும் கம்பி விறைப்பானது. குழாய்க்குள் இடைவெளி அதிகம் இல்லாமல் ஓடுவதால் தள்ளும்போது மடங்க இடமே இல்லை.

இன்னொன்று கேளுங்கள். வேலையில் சரிபாதியைச் செய்வது நகராமல் கிடக்கும் அந்த அவுட்டர்தான்! உள்கம்பியை நீங்கள் எவ்வளவு விசையோடு இழுக்கிறீர்களோ, அவ்வளவு விசையை அவுட்டர் எதிர்த்திசையில் தாங்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி காருக்கு அடியிலும் செல்லும்! அவுட்டரைத் தாங்கியோடு பூட்டும் சிறு கிளிப் கழன்றுவிட்டால் போதும். உள்கம்பி முழுசாக இருந்தும் கியர் விழாது. ஆகவே கேபிள் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தக் கிளிப்பைப் பாருங்கள். அடுத்து, கம்பியின் முனையிலுள்ள கண்ணையும் அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷையும் பாருங்கள். பழைய கார்களில் வெப்பத்தில் காய்ந்து, விரல் பட்டாலே அது பொடிப்பொடியாக உதிர்வதுண்டு. ஒரு சின்ன புஷ்ஷுக்காக முழுக் கேபிளையும் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்!

உள்கம்பி ஒரே கம்பி இல்லை, பல மெல்லிய இழைகளின் முறுக்கு. ஏன் அப்படி? ஒரு கணக்குப் போடுவோம். 3 மி.மீ. பருமனுள்ள ஒற்றைக் கம்பியை 10 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் அதன் வெளிப்பக்கம் 1.5 சதவீதம் நீள வேண்டும். எஃகு அதைத் தாங்காது. வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். அதே வளைவில் 0.3 மி.மீ. இழை நீள வேண்டியது வெறும் 0.15 சதவீதம்! சுகமாக வளைந்து சுகமாக நிமிரும்.

இரும்புக் கம்பியைக் கயிறாகத் திரிக்கும் இந்த யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? ஜெர்மனியில், ஹார்ட்ஸ் மலையின் வெள்ளிச் சுரங்கங்களில்! கிளவுஸ்தாலில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834-இல் கம்பிக் கயிற்றைச் செய்துகாட்டினார். ஒரு புரிக்கு நான்கு கம்பிகள், அப்படி மூன்று புரிகள். அதுவரை ஆழத்திலிருந்து தாதுவைத் தூக்கிய சங்கிலிகள் அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தன. ஏன் அறுகின்றன என்று அவர் சும்மா விடவில்லை. சங்கிலியைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்க்க ஓர் இயந்திரமே செய்தார்! உலோகத்தின் சோர்வு பற்றிய முதல் சோதனை முடிவுகள் என்று இன்று பொறியாளர்கள் சொல்வது 1837-இல் அவர் வெளியிட்டவற்றைத்தான். உங்கள் கார் கேபிளைப் பிறப்பித்த மனிதரும், அது ஏன் சாகிறது என்று முதலில் ஆராய்ந்தவரும் ஒருவரே! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சோர்வு என்றால் என்ன? ஒரே இழுப்பில் அறுக்கவே முடியாத கம்பி, சின்னச் சின்ன வளைவுகளில் பல்லாயிரம் முறை போய்வந்த பிறகு அறுந்துவிடுகிறது. முதலில் ஓர் இழை. பிறகு பக்கத்து இழை. முனையிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்த் துருவும் சேர்ந்துகொள்ளும். சைலன்ஸர் குழாயின் அனல் பட்டால் உள்குழாய் பிளாஸ்டிக் இளகும். இப்படி ஒவ்வோர் இழையாகப் போய், கடைசி இழை போகிற அன்றுதான் நமக்குச் செய்தி தெரிகிறது. லீவர் கொஞ்ச நாளாகவே கனத்திருக்கும், தளர்ந்திருக்கும். நாம்தான் கவனித்திருக்க மாட்டோம்.

சைக்கிளிலும் காரிலும் ஓடும் இந்த உறையிட்ட கேபிளை உலகம் பௌடன் கேபிள் என்கிறது. அயர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்றார். ராலே சைக்கிள் கம்பெனியை நிறுவிய பிராங்க் பௌடன் வேறு ஆள்! இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதியவர்கள் ஏராளம்.

இனி வளைவுக்கு வருவோம். கேபிள் வளைய வளைய உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்! துறைமுகத்தில் கயிற்றை இரும்புக் குற்றியில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றை ஆள் கப்பலைப் பிடித்து நிறுத்துகிறாரே, அதே கணக்கு. உராய்வெண் 0.3 என்றால் மூன்று சுற்றில் ஒரு கிலோ இழுப்பு ஏறத்தாழ 285 கிலோவைத் தாங்கும்! துறைமுகத்தில் வரமாக இருப்பது கேபிளில் சாபம். வளைவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வழவழப்பான உள்குழாயில் உராய்வெண் 0.05 என்றால், அந்த முனையில் ஒரு கிலோ கிடைக்க இந்த முனையில் 1.4 கிலோ போதும். துருப்பிடித்து 0.3 ஆனால்? 6.6 கிலோ! ஆச்சரியம் என்னவென்றால், வளைவு பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. மொத்தம் எத்தனை பாகை என்பதுதான் முக்கியம். ஆனால் குறுகிய வளைவு இழைகளைச் சீக்கிரம் சோர்வடைய வைக்கும். ஆகவே புதுக் கேபிளைப் போடும்போது பழையது போன வழியிலேயே, எங்கும் ஒடிக்காமல், சைலன்ஸர் குழாயிலிருந்து விலக்கியே கொண்டுபோக வேண்டும்.

லீவர் ஏன் தளர்ந்து ஆடுகிறது? இழுக்கும்போது உள்கம்பி வளைவின் உட்சுவரை ஒட்டும். தள்ளும்போது வெளிச்சுவரை ஒட்டும். இடைவெளி அரை மி.மீ., வளைவு 180 பாகை என்றால் 1.6 மி.மீ. அசைவு வீணாகும். உள்குழாய் தேய்ந்து இடைவெளி ஒரு மி.மீ. ஆனால் 3 மி.மீ.க்கும் மேல்!

அறுந்தபின் வீடு வந்து சேர ஒரு வழி இருக்கிறது, அதுவும் தெரியுமா? பக்கவாட்டுக் கேபிள் மட்டும் அறுந்தால், இந்த வகைக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தானாகவே நடுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்தும். அதாவது மூன்றும் நான்கும் இன்னும் கிடைக்கும்! மூன்றில் கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்பலாம். முன்பின் கேபிள் அறுந்தால் லீவரால் பயனில்லை. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சூடு ஆறவிட்டு, கியர்பாக்ஸ் மேலுள்ள நெம்புகோலைக் கையாலேயே நகர்த்தி இரண்டாம் கியரில் போட்டுவிட்டு, அந்த ஒரே கியரில் ஊர்ந்து வரலாம்.

மாற்றும் வேலை பொறுமையைத்தான் கேட்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு கட்டாயம், சக்கரத்துக்குக் கட்டையும் கட்டாயம். நடுச்சுரங்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, நெருப்புப் பக்கமே போகாதீர்கள். நடுக் கன்சோலைக் கழற்றினால் லீவரின் அடி தெரியும். எதைக் கழற்றும் முன்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேபிள்களுக்கும் வயது ஒன்றே. ஒன்று போனால் மற்றதையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. பிளாஸ்டிக் உள்குழாய் உள்ள கேபிளுக்குள் கண்ட எண்ணெயை ஊற்றாதீர்கள். சில எண்ணெய்கள் குழாயை ஊதவைக்கும், தூசியையும் பிடித்துவைக்கும். புதுசைப் பூட்டியபின் லீவரும் நியூட்ரல், கியர்பாக்ஸும் நியூட்ரல் என்ற நிலையில் வைத்துத்தான் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் எஞ்சின் ஓடாமலேயே முழுசாக விழுகிறதா என்று பார்த்தபிறகே சாவியைத் திருப்புங்கள்.

புதுக் கேபிள் கிடைக்கவில்லையா? கலங்காதீர்கள். பழையதைக் கொடுத்தால் அதே நீளத்துக்கு, அதே முனைகளோடு செய்து தரும் கேபிள் பட்டறைகள் இருக்கின்றன. அவுட்டரின் நீளம், உள்கம்பியின் மொத்த நீளம், அது முன்பின் நகரும் அளவு, இந்த மூன்றும் அவர்களுக்குத் தேவை. அறுந்த துண்டுகூட அளவு சொல்லும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த இருட்டுச் சுரங்கத்துக்குள் புதுக் கேபிளை எப்படி நுழைப்பது? பாவாடை நாடா கோக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் இதற்கு விடை இருக்கிறது. பழைய கேபிளின் வாலில் ஒரு உறுதியான நூலைக் கட்டிவிட்டு மறுமுனையிலிருந்து உருவுங்கள். கேபிள் வெளியே வரும், நூல் அதன் பாதையில் உள்ளே கிடக்கும். அந்த நூலில் புதுசைக் கட்டி இழுத்தால், சொந்தக்காரர் வீட்டுக்கு வழி தெரிந்தவர்போல அது தானே போய்ச் சேரும். பழையதை உருவிய பிறகு நூலைத் தேடிப் பயனில்லை, முதலிலேயே கட்டிவிடுங்கள்.