கையில் காசு, வீட்டில் சொல்: முதுமை அன்றும் இன்றும்

திருக்கடையூரில் முகூர்த்த நாளன்று போய்ப் பார்த்தால், ஒரே பிராகாரத்தில் பல தம்பதியர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருபக்கம் அறுபதாம் கல்யாணம், இன்னொரு பக்கம் எண்பதைத் தொட்டவர்களுக்குச் சதாபிஷேகம். நம் தாத்தா பாட்டி காலத்தில் அறுபதைத் தொடுவதே பெரும்பேறு. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளை ஒட்டித்தான் இருந்தது. பச்சிளங்குழந்தைகளின் சாவு அந்தச் சராசரியை வெகுவாகக் கீழே இழுத்தது என்றாலும், பேரன் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் ஊரில் சிலரே. இன்று சராசரி ஆயுள் 70 ஆண்டுகள் அளவில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 75 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 10.4 சதவீதம்.

ஆயுள் கூடிவிட்டது. அந்த ஆண்டுகளை மானத்தோடு வாழ என்ன வேண்டும்? பிள்ளைகளின் நல்ல மனசு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருந்த காலம் எப்படி இருந்தது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். கையில் கொஞ்சம் காசு, தெளிவான பார்வை, தடுக்கி விழாமல் போய்வர ஒரு கழிவறை, வீட்டில் எடுபடும் ஒரு சொல், இவை இருக்கும் இடத்தில்தான் பிள்ளைகளின் அன்புகூட நிலைக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இந்த நான்கும் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்த்தாலே இது விளங்கும்.

முந்தியில் முடிந்த காசு

அன்று சம்சாரியின் முதுமைக்கு நிலம்தான் காப்பு. நிலம் கிழவர் பேரில் இருக்கும்வரை அவர் சொல் நடக்கும். பாகம் பிரித்த மறுநாளிலிருந்து அவர் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டும். பல வீடுகளில் முறை வைத்துச் சோறு போட்டார்கள்: இந்த மாதம் மூத்தவன் வீடு, அடுத்த மாதம் இளையவன் வீடு. மாதம் முடிந்ததும் தகரப் பெட்டியையும் வெற்றிலை உரலையும் எடுத்துக்கொண்டு கிழவி அடுத்த தெருவுக்குப் போவாள். மாதத்துக்கு 31 நாள் வந்துவிட்டால் அந்த ஒரு நாள் யார் முறை என்று மருமகள்கள் பேசிக்கொள்வதும் அவள் காதில் விழும். மகள் வீட்டில் போய் இருப்பது கௌரவக் குறைச்சல் என்று ஊர் சொன்னதால் அந்த வாசலும் அடைத்திருந்தது. நிலமே இல்லாத கூலிக்காரர்களுக்கு இந்த முறைச்சோறுகூட உறுதியில்லை.

1962-ல் அன்றைய சென்னை மாநிலம் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனாலும் தபால்காரர் மணியார்டர் கொண்டுவரும் நாளில் கிழவி தன் பேரைச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். மகனுக்கு வந்த பணம் அல்ல, அவளுக்கே வந்த பணம். பேரனுக்குச் சேவு வாங்கிக் கொடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1983-ல் உதவித்தொகை பெறும் முதியவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு என்று வந்தது. இந்த ஏற்பாடுகளால் மட்டும் எத்தனையோ பேர் பட்டினியில்லாமல் கண்மூடினார்கள்.

இன்று அந்தத் தொகை 1,200 ரூபாய்; 2023-ல்தான் 1,000 ரூபாயிலிருந்து உயர்ந்தது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பங்கு 79 வயதுவரை வெறும் 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய். மாத்திரைக்கும் பாலுக்கும் இது போதாது. இதை உயர்த்தச் சொல்லிக் கேட்பது பிச்சை கேட்பதாகாது. நாற்பது ஐம்பது வருஷம் களை எடுத்தவர்களுக்கும் தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கும் பெரும்பாலும் வேறு ஓய்வூதியம் கிடையாது.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. வங்கி முகவர் சின்ன மெஷினோடு ஊர்ச் சாவடியில் உட்காருகிறார். "ஆச்சி, ரேகை விழல. கையத் துடைச்சிட்டு இன்னொரு விரல வைங்க." ஆச்சி சேலைத் தலைப்பில் கையைத் துடைக்கிறாள், ஊதுகிறாள், மறுபடி வைக்கிறாள். பத்து விரலும் தேய்ந்துபோன கைகள் அவை. மெஷின் ஏற்க மறுக்கிறது. "நாளைக்கு வாங்க ஆச்சி" என்பதே பதிலாகிறது. ரேஷன் கடைகளில் கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவு வந்திருக்கிறது. உதவித்தொகை கொடுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் அது வேண்டும். நடையாய் நடக்க வைத்துக் கொடுக்கும் பணம் முழு மரியாதையோடு கொடுத்த பணம் ஆகாது.

கண் திறந்த கதை

அன்று கண்ணில் புரை விழுந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். கயிற்றுக் கட்டிலும் கைத்தடியும் மீதி ஆயுளுக்கு. ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

இதை மாற்றியவர் இந்தக் கரிசல் மண்ணில் பிறந்தவரே. எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், அந்த விரல்களாலேயே கத்தி பிடித்து அறுவை சிகிச்சை செய்யத் தம்மைப் பழக்கிக்கொண்டவர். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் நடத்தி, பஸ் வைத்து முதியவர்களை அழைத்துப் போய், இலவசமாகவே ஆபரேஷன் செய்து திருப்பி அனுப்பினார்கள். கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாததால், 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். கட்டுப் பிரித்த மறுநாளே கிழவி அரிசியில் கல் பொறுக்கினாள், தானாகவே கடைக்குப் போனாள், சில்லறையை எண்ணி வாங்கினாள். வீட்டில் அவள் மதிப்பு அன்றைக்கே உயர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த டாக்டரின் வாழ்க்கையைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

முதியோருக்கென்று தனி மருத்துவமும் இங்கேதான் வேர்விட்டது. 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே நடக்கிறது.

இவ்வளவு வந்த பிறகும் போகாதது அந்த ஒரு வாக்கியம்: "வயசானா அப்படித்தான்." காது மந்தமானாலும் அதையே சொல்கிறோம், காது மெஷின் இருக்கிறது. பல் விழுந்தாலும் அதையே சொல்கிறோம். பல் செட் இருக்கிறது. பல் இல்லாததால் ரசஞ்சோறும் கஞ்சியுமாகவே சாப்பிட்டுச் சதை வற்றுகிறவர்களுக்குப் பருப்பும் முட்டையும் குழைத்துக் கொடுத்தால் காலில் பலம் நிற்கும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், வீட்டுக்கு வழி மறக்கிறார் என்றால் அது மறதி நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும், திட்டக் கூடாது.

யாரும் பேசாத இடம்

அன்று ஓடைக்கரையும் கருவேலங்காடும்தான் கழிப்பிடம். நடை தளர்ந்த கிழவிகள் இருட்டும்வரை அடக்கிவைத்தார்கள். ராத்திரி எழுந்திருக்க நேரக் கூடாதென்று சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள், சோற்றையும் குறைத்தார்கள். படுக்கையில் விழுந்தவர்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். எடுத்துப்போட ஆளில்லாத வறுமையில், தென்மாவட்டங்களின் சில ஊர்களில் தலைக்கூத்தல் என்ற கொடுமையே நடந்தது. நோயில் கிடக்கும் முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரை முடித்துவைத்தார்கள். அந்தக் காலத்தில் பெரியவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்று பெரும்பாலான வீடுகளில் கழிவறை இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அது கொல்லைக் கோடியில், இரண்டு படி ஏறும் உயரத்தில், வழுவழுப்பான டைல்ஸோடு, குந்தி உட்காரும் அமைப்பில் இருக்கிறது. முட்டி மடங்காதவர் அங்கே எப்படிப் போவார்? ஈரத் தரையில் ஒரு தடவை வழுக்கினால் இடுப்பெலும்பு போகும். பலர் அதற்குப் பிறகு எழுந்து நடமாடுவதில்லை. சுவரில் ஒரு கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவெல்லாம் எரியும் ஒரு சின்ன பல்பு, நடுவில் ஓட்டை வைத்த ஒரு நாற்காலி, இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட வராது. அடுத்தவர் கை பிடிக்காமல் கழிவறைக்குப் போய்வருவதைவிடப் பெரிய கௌரவம் முதுமையில் இல்லை.

எடுபடும் சொல்

அன்று இருந்து இன்று தேய்ந்தது பெரியவர்களின் சொல். எந்த விதையை எடுத்து வைப்பது, எந்த மேகம் பெய்யும், பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் என்று அவர்களிடம் கேட்க அன்று ஆட்கள் வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே பேசிக்கொண்டு போகும். திண்ணை போய் கம்பிக் கதவு வந்துவிட்டது. பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார்கள். வீடியோ காலில் பேரப்பிள்ளைகளின் முகம் தெரிகிறது, அது நல்லதுதான். ஆனால் "நீங்க சும்மா இருங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்ற ஒரு பேச்சு பெரியவரைப் பெற்ற பிள்ளை வீட்டிலேயே அந்நியராக்கிவிடுகிறது.

இதற்கு மாற்றும் கண்ணெதிரே இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போன கிழவிகளைக் கேட்டால், கூலியைப் போலவே அங்கே கிடைத்த பேச்சுத் துணையையும் சொல்வார்கள். பகலில் முதியவர்கள் கூடியிருக்க, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 அன்புச்சோலை மையங்களை அரசு அறிவித்தது. கிராமங்களுக்கும் அது வரவேண்டும். ஊர்ச் சாவடியும் நூலகமும் இருக்கும் இடத்தில் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை.

மகள் வீடும் இன்று திறந்திருக்கிறது. 1989-ல் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. பொறுப்பும் உரிமையும் சேர்ந்து வரும்போது பெற்றோருக்குத் துணை இரட்டிப்பாகிறது.

சட்டமும் பக்கபலமாக நிற்கிறது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. அதற்காகவே, எழுதும்போதே பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிடுவது நல்லது. தான் குடியிருக்கும் வீட்டைத் தன் காலம் முடியும்வரை எழுதிக்கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது. உதவி கேட்க 14567 என்ற இலவச எண் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த மாதமே சிலவற்றைச் செய்யுங்கள். அவர்களுடைய வங்கிப் புத்தகமும் ஏடிஎம் கார்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். கண்ணையும் காதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். வீட்டில் எடுக்கப்போகும் அடுத்த முடிவை அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள்; கேட்டுவிட்டு எடுத்தால் இன்னும் சிறப்பு. இவை எதுவும் தியாகம் அல்ல, அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி.