ஆயாவின் கண்ணில் படும் சுவர்

"டீ ஆறுது, குடிங்கக்கா. ஒண்ணொண்ணாப் பேசுவோம்" என்றேன். வடசென்னை சடையங்குப்பத்தில் வீட்டு முன்கட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார் அந்த அக்கா. நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். "நாலே பேரு. எங்களுக்கு எதுக்கு நோட்டீஸ் போர்டு? அதெல்லாம் கம்பெனிக்குத்தானே?" என்று கேட்டார். மணலிப் பக்கம் ஆலை வாசல்களையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

சட்டம் வாசலின் அகலத்தைப் பார்ப்பதில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் அது வேலையிடம். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, சோறு ஊட்டி, தூங்க வைக்கிற ஆயாவும் தொழிலாளிதான்.

முதலில் சம்பளம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஊதியத் தொகுப்பின்படி, எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தரப்படும், அந்தப் பகுதி ஆய்வாளரின் பெயர், முகவரி என்ன என்பதெல்லாம் சட்டச் சுருக்கத்தோடு எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருக்க வேண்டும். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். பழைய சட்டத்தில் பட்டியலில் இருந்த தொழில்களுக்குத்தான் குறைந்தபட்சக் கூலி. புதிய தொகுப்பில் அது எல்லா வேலைக்கும் உண்டு. என்னைக் கேட்டால், இந்தத் தாளில் தேதிதான் உயிர். "ஃபீஸ் வரட்டும், தரேன்" என்ற பேச்சு, தேதி சுவரில் ஏறிவிட்டால் நிற்காது.

அடுத்தது 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதை அமைத்த உத்தரவையும், குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதையும் பலர் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். அக்கா உடனே, "பத்துப் பேர் இல்லையே!" என்றார். குழுதான் வேண்டாம்; தண்டனை விவரம் கட்டாயம். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்பவர்கள் புகார் சொல்ல மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. சென்னைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆயாக்களில் பலருக்கு இப்படியொரு குழு இருப்பதே தெரியாது. புகார் கேட்கும் இடத்தில் முதலாளியே உட்கார்ந்திருந்தால் யார் வாய் திறப்பார்கள்? அதனால் அந்த முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று அழுத்திச் சொன்னேன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவு எனக்குப் பிடித்த பிரிவு. ரயில் நிலையம், துறைமுகம், வேலையிடம் மூன்றிலும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வைக்கச் சொல்கிறது. கப்பல் நிற்கிற துறைமுகத்துக்குச் சொன்ன அதே கட்டளைதான் இந்த முன்கட்டுக்கும். காப்பகத்துக்கு இது ரொம்பவே தேவை. "அக்கா பொண்ணு, ஸ்கூலுக்குப் போகலை, கூடமாட இருக்கட்டும்" என்று பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் கைக்குழந்தையைக் கொடுப்பது இங்கேதான் சுலபமாக நடக்கும். 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, இல்லையென்றால் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேறுகால விடுப்பும் பணிக்கொடையும் பத்துப் பேர் கணக்கில் வருபவை. ஆள் கூடினால் அவற்றின் தாளும் சுவரில் ஏற வேண்டும். அங்கன்வாடி ஊழியர், உதவியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று, குஜராத் வழக்கு ஒன்றில், தீர்ப்பளித்தது. பால்வாடி வேலை சேவை, அதற்குக் கணக்கு கேட்கக் கூடாது என்று காலங்காலமாகச் சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

ஒட்டுகிற இடமும் முக்கியம். அக்கா தன் மேஜைக்குப் பின்னால் ஆணி அடிக்கப் பார்த்தார். அங்கே ஆயாக்கள் நிற்பதே இல்லை. அவர்கள் நிற்பது சமையல்கட்டு வாசலில், பால் பாட்டில் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? லேமினேட் செய்து, கண் மட்டத்துக்கு மேலே, தொட்டிச் சுவரில் மாட்டச் சொன்னேன். எல்லாம் தமிழில்; குழந்தைத் தொழிலாளர் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்திலும். இந்தி மட்டும் தெரிந்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் இந்தியிலும் ஒன்று.

பிள்ளையைக் காப்பகத்தில் விடுகிற அம்மாமார்களே, அப்பாமார்களே, நாளைக் காலையில் அந்தச் சுவரை ஒரு நிமிடம் பாருங்கள். தாள் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஆயா கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுவார், நீங்கள் கேட்கலாம்.