மேல்படிப்புக்கு எந்த நாடு?

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டிக்கு அருகிலுள்ள போச்சம்பள்ளியில் 2021-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்ற இவ்வூர் மாணவர் ஒருவர், ஸ்கூட்டருக்கு உயிர்நிலையான மின்கலத்தை, அதாவது பேட்டரியை, வெளிநாடு சென்று ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் எழும் முதல் வினா, "எந்த நாட்டுக்குப் போவது?" என்பதே.

அந்த மின்கலத்தின் வரலாற்றையே சற்றுப் பார்ப்போம். லித்தியம் மின்கலத்திற்கு 1970-களில் அடிகோலியவர் விட்டிங்காம். அமெரிக்காவில் ஓர் எண்ணெய் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி அதன் மின்னழுத்தத்தை 4 வோல்ட் அளவுக்கு உயர்த்தும் வழியை 1980-இல் குட்டெனஃப் கண்டார். அது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில். எளிதில் தீப்பற்றக்கூடிய லித்தியம் உலோகத்திற்குப் பதிலாகக் கரிப்பொருளை அமைத்து, 1985-இல் யோஷினோ அதைப் பாதுகாப்பானதாக்கினார், அது ஜப்பானில். மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இவர்களுள் விட்டிங்காம் பிறப்பால் ஆங்கிலேயர், குட்டெனஃப் அமெரிக்கர். ஒரே மின்கலத்திற்கு மூன்று நாடுகள்! எனவே "எந்த நாடு?" என்பது கடைசியில் கேட்க வேண்டிய வினா.

முதல் வினா எது?

"எந்தச் சிக்கலை ஆராயப் போகிறேன்?" என்பதே முதல் வினா. "மின்கலம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கோடை வெப்பத்தில் மின்கலம் சூடேறுவதைத் தடுப்பதா? பழைய மின்கலத்திலிருந்து உலோகங்களை மீட்பதா? லித்தியத்திற்குப் பதில் சோடியத்தைப் பயன்படுத்துவதா? முதலாவது வெப்பப் பொறியியல், இரண்டாவது உலோகவியல், மூன்றாவது வேதியியல். மூன்றும் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களுக்கு வழிகாட்டும். அண்மை ஐந்தாண்டுகளில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், எந்தப் பேராசிரியர் எங்கே அதைச் செய்கிறார் என்பது விளங்கிவிடும். அப்பட்டியலில் நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், ஒசூரை அடுத்த பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் இடம்பெறக் கூடும். கடல் கடக்க வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம்.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் சென்ற வழி இதுவே. உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய்ந்துவந்த அவர், 1949-இல் யுனெஸ்கோ உதவித்தொகை பெற்று ஹாலந்தின் வாகனிங்கனுக்குச் சென்றார். உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழு அங்கே பெருஞ்சிக்கலாக இருந்தது. அடுத்து கேம்பிரிட்ஜ் சென்று 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராய்ந்தார். மூன்று நாடுகள் மாறினாலும் பயிர் மாறவில்லை! 1954-இல் தாயகம் திரும்பியபோது கட்டாக்கில் அவருக்குக் கிடைத்தது நெல் ஆராய்ச்சிப் பணி. பிறகு டில்லியில் கோதுமை. உருளைக்கிழங்கில் கற்ற மரபியல் இரண்டுக்கும் உதவியது. ஊர் திரும்பினாலும் பயன்படும் முறையைக் கற்பதே சிறந்த முதலீடு என்பதற்கு இது சான்று.

பணக் கணக்கு

ஆய்வுக்கூடங்கள் நான்கைந்து தேறிய பின்னரே பணக் கணக்கைப் போட வேண்டும். 20 லட்ச ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி என்று கொள்வோம். இரண்டாண்டுப் படிப்பும் வேலை தேட ஆறு மாதமும் கழிந்தால், முதல் தவணை கட்டும் முன்பே 5 லட்சம் வட்டி சேர்ந்துவிடும். பெருங்கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் ஈடு கேட்கும். நம் ஊர்களில் அது மாந்தோப்பாகவோ வீடாகவோ இருக்கும். மகனோ மகளோ தவறான படிப்பைத் தேர்ந்தால் இழப்பு பெற்றோரையும் சேரும்.

நாட்டுக்கு நாடு காலமும் கட்டணமும் வேறுபடும். முதுநிலைப் படிப்பு இங்கிலாந்தில் பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் இரண்டாண்டு. ஓராண்டில் செலவு குறையும். ஆய்வுக்கான நேரமும் குறையும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் அந்நாட்டின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற அயல்நாட்டவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு! மேலும், பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், தொழிற்கூடத்தில் வேலை பெற ஜெர்மன் மொழி பெரிதும் தேவைப்படும்.

படித்து முடித்தபின் தங்கி வேலை செய்யும் அனுமதி அடிக்கடி மாறும் சட்டம். இதை முகவர் வாய்மொழியாகக் கேட்டு நம்பலாகாது. அந்தந்த அரசின் அறிவிப்பையே படிக்க வேண்டும். முகவர்கள் பலர், மாணவரைச் சேர்க்கும் கல்லூரியிடமிருந்து தரகு பெறுபவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தரகு தராத நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் அவர்கள் பட்டியலில் இல்லாமலே போகலாம்.

சிக்கல், ஆய்வுக்கூடம், பணம், மொழி, சட்டம் என்னும் வரிசையில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களே எஞ்சும். அவை எந்த நாட்டில் உள்ளனவோ, அதுவே நம் மாணவருக்கு உரிய நாடு.