ஆர்டிஇ 25% சீட்: சட்டம் செல்லும்... ஆனால் காசு கட்டுவது யார்?

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. அட்மிஷன் என்றால் ஏப்ரல், மே மாதத்துப் பரபரப்பு. 2025-ல் மட்டும் ஒரு கேள்வி அக்டோபர் வரை இழுத்தது: "இந்த வருஷம் ஆர்டிஇ சீட் உண்டா, இல்லையா?"

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஇ) கீழ் தனியார் பள்ளிகள் 25% இடங்களை எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். அதற்கான ஆன்லைன் விண்ணப்பம் அந்த ஆண்டு வழக்கமான நேரத்தில் தொடங்கவே இல்லை. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி என எந்த ஊரில் இருந்தாலும் பெற்றோர் முன்னால் இருந்த வழி இரண்டுதான். காத்திருக்கலாம், அல்லது கடன் வாங்கி ஃபீஸ் கட்டலாம்.

சிக்கல் பள்ளியில் இல்லை. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடிய பணத் தகராறில் இருந்தது.

25% இடம் என்றால் என்ன?

2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவுதான் விஷயம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளி, தன் நுழைவு வகுப்பில் குறைந்தது 25% இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி. இருக்கும் பள்ளியில் எல்.கே.ஜி.யே நுழைவு வகுப்பு.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் 'நலிவடைந்த பிரிவு'. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளும் மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற குழந்தைகளும் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு'. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல். மாநிலம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 80,000 இடங்கள் இப்படி நிரம்புகின்றன.

ஃபீஸை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும், ஆனால் பள்ளி கேட்கும் தொகையை அப்படியே தராது. அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு அரசு செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான். உதாரணமாக, அரசு செலவு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணம் 20,000 என்றால் பள்ளிக்குக் கிடைப்பது 12,000. கட்டணமே 9,000 என்றால் 9,000தான்.

இதுவும் 'வவுச்சரும்' ஒன்றா?

கிட்டத்தட்ட. அரசுப் பணம் பள்ளிக்குப் போகாமல் மாணவரோடு போக வேண்டும், எந்தப் பள்ளி என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும் என்பதே 'ஸ்கூல் வவுச்சர்'. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மேன் 1955-ல் முன்வைத்த யோசனை இது. மில்வாக்கி நகரில் 1990-ல் நடைமுறைக்கு வந்தது. மதப் பள்ளிக்கு மக்கள் வரிப்பணம் போகலாமா என்ற வழக்கில், 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் 'போகலாம்' என்றது. சண்டை அதோடு முடியவில்லை. 2025 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் 100 கோடி டாலர் திட்டத்துக்குச் சட்டம் போட்டது. அடுத்த மாதமே ஒஹையோ மாநிலத்தின் வவுச்சர் திட்டம் செல்லாது என்று அங்கே ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார்.

இந்தியாவில் கூப்பன் எதுவும் கையில் தருவதில்லை. ஆனால் பணம் குழந்தையைப் பின்தொடர்ந்து தனியார் பள்ளிக்குப் போகிறது. முக்கிய வித்தியாசம், அங்கே பள்ளி விரும்பினால் சேரலாம். இங்கே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதனால்தான் கோர்ட் படியேறியவர்களும் வேறு. அங்கே எதிர்த்துப் போனவர்களில் பொதுப் பள்ளியின் ஆதரவாளர்கள் அதிகம். இங்கே போனது தனியார் பள்ளிகள்.

சட்டம் செல்லுமா? கோர்ட் என்ன சொன்னது?

'எங்கள் பணத்தில் நடத்தும் பள்ளியில் யாரைச் சேர்ப்பது என்று அரசு எப்படிச் சொல்லலாம்? இது தொழில் செய்யும் உரிமைக்கு எதிரானது' என்பது பள்ளிகளின் வாதம். 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியாவும் நீதிபதி ஸ்வதந்தர் குமாரும் 25% ஒதுக்கீடு செல்லும் என்றனர். அரசிடம் உதவி வாங்காத பள்ளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் மாறுபட்டார்.

2014 மே 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் சட்டத்தை உறுதி செய்தது. கூடவே, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் அனைத்துக்கும் இந்தச் சட்டத்திலிருந்து முழு விலக்கு தந்தது. 'பக்கத்துத் தெருவில் பெரிய ஸ்கூல் இருக்கு, ஆனா ஆர்டிஇ லிஸ்ட்ல இல்லையே' என்று குழம்பும் பெற்றோருக்கு பெரும்பாலும் இதுதான் பதில். அந்த விலக்கு சரிதானா என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வே சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்கப் பரிந்துரைத்தது.

மாநிலங்கள் இதிலிருந்து நழுவ முடியுமா?

முயன்று பார்த்தார்கள். 2018 டிசம்பரில் கர்நாடகா விதியை மாற்றி, அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி 25% தரத் தேவையில்லை என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை 2019-ல் ஏற்றது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிராவும் அதே பாதையில் போனது. ஆனால் மும்பை உயர் நீதிமன்றம் ஜூலையில் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் அதை உறுதி செய்துவிட்டது. நாடாளுமன்றம் குழந்தைக்குக் கொடுத்த உரிமையை மாநில அரசு ஒரு விதியைத் திருத்திப் பறிக்க முடியாது என்பதே சாரம்.

சரி, தமிழ்நாட்டில் 2025-ல் என்ன ஆச்சு?

தமிழ்நாடு விதியை மாற்றவில்லை. பணம்தான் நின்றது.

ஆர்டிஇ கட்டணத்துக்கான பணமும் சமக்ர சிக்‌ஷா என்ற பெரிய திட்டத்தின் வழியாகவே வருகிறது. அதில் மத்திய அரசின் பங்கு 60%, மாநிலத்தின் பங்கு 40%. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட தமிழ்நாடு மறுத்தது. அதில் சேர்ந்தால் தேசிய கல்விக் கொள்கையையும் மும்மொழியையும் ஏற்றதாகிவிடும் என்பது மாநில அரசின் வாதம். சமக்ர சிக்‌ஷா பணம் நிறுத்தி வைக்கப்பட்டது.

2025 மார்ச் 10 அன்று மக்களவையில் இந்த விவகாரம் வெடித்தது. மத்திய கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பேச்சில் இருந்த ஒரு வார்த்தைக்கு திமுக எம்.பி.க்கள் கடுமையாக எதிர்ப்புக் காட்ட, அவர் அதைத் திரும்பப் பெற்றார். அதே மாதம் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பிஎம் ஸ்ரீயைக் காரணம் காட்டி சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்துவது நியாயமல்ல என்று அறிக்கை தந்தது. மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் நேரடி வழக்குத் தொடுத்து, வட்டியோடு 2,291 கோடி ரூபாய் கேட்டது.

இத்தனைக்கும் நடுவே ஜூன் வந்துவிட்டது. பள்ளிகள் திறந்துவிட்டன. ஆர்டிஇ அட்மிஷன் மட்டும் தொடங்கவில்லை.

உயர் நீதிமன்றம் யார் பக்கம்?

குழந்தை பக்கம் என்று சொல்லலாம். கோவையைச் சேர்ந்த ஒருவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு 2025 ஜூன் 10 அன்று உத்தரவிட்டது. இரண்டு அரசுகளுக்கும் அதில் ஆளுக்கொரு குட்டு.

மாநில அரசுக்கு: பள்ளிகளுக்குப் பணம் தரும் கடமை உங்களுடையது. மத்திய அரசிடமிருந்து வரவில்லை என்பது சாக்காகாது.

மத்திய அரசுக்கு: ஆர்டிஇ கடமை தேசிய கல்விக் கொள்கையோடு கட்டப்பட்டதல்ல. அந்தப் பணத்தை மட்டும் தனியே பிரித்துத் தருவது பற்றி யோசியுங்கள்.

சட்டத்தின் 7-வது பிரிவே நிதிப் பொறுப்பை இரண்டு அரசுகள் மீதும் வைக்கிறது. 'அவங்க தரல' என்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு எல்.கே.ஜி. வயது அடுத்த வருடமும் அப்படியே நிற்காது.

கடைசியில் ஆர்டிஇ பங்கு விடுவிக்கப்பட்டு, அக்டோபரில் சேர்க்கை நடந்தது. அதுவும் வழக்கமான முறையில் அல்ல. ஏற்கனவே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கையில் காசு இருந்து, ஜூனிலேயே ஃபீஸ் கட்டிச் சேர்த்தவர்களுக்கு இது நிம்மதி. காசு இல்லாமல் காத்திருந்தவர்கள்? அவர்களுக்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது. அந்த ஆண்டு வரிசையில் அவர்களே இல்லாமல் போனார்கள்.

புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் கூடுதல் சிக்கல் என்ன?

தூரம். வீட்டிலிருந்து 1 கி.மீ. சுற்றளவில் இருக்கும் பள்ளி என்பதுதான் நுழைவு வகுப்புக்கான அளவுகோல். நகரத்தில் இருப்பவருக்கு அந்த வட்டத்துக்குள் மூன்று, நான்கு பள்ளிகள் வரலாம். ஆவுடையார்கோவில், மணமேல்குடி, கறம்பக்குடி பக்கம் ஒரு சிற்றூரில், 1 கி.மீ.க்குள் தனியார் பள்ளியே இல்லை என்றால் உரிமை காகிதத்தோடு சரி. அங்கே குழந்தைக்கு இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுதான்.

பொதுக் கல்வி ஆர்வலர்களின் கேள்வி இங்கேதான் வலுக்கிறது. தனியார் பள்ளிக்குத் தரும் பணத்தை அந்த ஒன்றியப் பள்ளிக்கே தந்தால் என்ன? மறுபக்கத்தின் பதில்: நாளைக்கு அந்தப் பள்ளி மேம்படும் என்பதற்காக, இன்றைக்கு ஒரு பெற்றோரின் விருப்பத்தை மறுக்கலாமா?

இதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணிதத்திலும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கவில்லை. இந்தியில் வாங்கினார்கள். ஆனால் தனியார் பள்ளியில் ஒரு மாணவருக்கான செலவு, அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு தரப்பும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது இந்த ஆய்வின் விதி.

விண்ணப்பிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

- பிறப்புச் சான்று, இருப்பிட ஆதாரம், வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை.

- 'ஃபீஸ் ஃப்ரீ, ஆனா புக், யூனிஃபார்முக்குக் கட்டுங்க' என்று பள்ளி சொல்லலாம். அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியிருக்கிறது.

- இலவசம் 8-ம் வகுப்பு வரைதான். 9-ம் வகுப்பில் அதே பள்ளியில் தொடர்ந்தால் முழு ஃபீஸும் உங்கள் தலையில். இதை எல்.கே.ஜி. சேர்க்கும்போதே கணக்குப் போடுங்கள்.

- ஆர்டிஇ-யில் 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5% உள் ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் இது.

இனி?

25% ஒதுக்கீடு செல்லுமா என்ற கேள்வி 2012-லேயே முடிந்துவிட்டது. முடியாதது, பணம் எந்தத் தேதிக்குள் யார் கையிலிருந்து வர வேண்டும் என்பது. ஆர்டிஇ-க்கான தொகையை மற்றத் திட்டங்களிலிருந்து பிரித்து, பள்ளி திறக்கும் முன்பே வந்துசேரும்படி செய்யாதவரை, அடுத்த அரசியல் தகராறிலும் முதலில் நிற்கப்போவது அட்மிஷன்தான். அதைச் செய்யப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. உயர் நீதிமன்றம் சொன்ன யோசனையை மத்திய அரசு ஏற்றாலே போதும்.