வளாகத்தில் ஒரு தொழுகைக் கூடம்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளாகிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் சுற்றுப்புறங்களில் பொறியியற் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பெருகியுள்ளன. மாணாக்கரிடையே பணியாற்றும் ஆயர்கள் ஒரு வினாவிற்கு விடை கூற ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இசுலாமிய மாணாக்கர் தொழுவதற்கு வளாகத்தில் இடம் வேண்டும்போது, கிறிஸ்தவர் அதனை எவ்வாறு நோக்குவது?

முதலாவது, தொழுகை இன்னதென அறிதல் வேண்டும். நம் செபத்தை எவ்விடத்திலும் எந்நேரத்திலும் ஏறெடுக்கலாம். தொழுகைக்கோ நேரமும் திசையும் உடல்நிலைகளும் வரையறுக்கப்பட்டுள்ளன. நாளொன்றின் ஐந்து வேளைகளுள் நண்பகலைத் தொடரும் லுஹரும், பிற்பகலின் அஸரும் பெரும்பாலும் கல்லூரி நேரத்திலேயே வருகின்றன. கை, முகம், கால் கழுவி ஒளு செய்தல் வேண்டும். மக்காவை நோக்கி, அதாவது சென்னையிலிருந்து மேற்கே சற்று வடக்காக, நின்று நெற்றி தரையிற் படப் பணிதல் வேண்டும். எனவே தூய்மையான தரையும் தண்ணீரும் இன்றியமையாதன. அருகே பள்ளிவாசல் உண்டு எனும் விடை மாணவியருக்குப் பல வேளைகளில் பயன்படுவதில்லை; நம் பகுதிப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்கு இடம் இல்லை.

இரண்டாவது, தொழுகைக் கூடம் வேறு, பள்ளிவாசல் வேறு. பள்ளிவாசல் இறைவழிபாட்டிற்கென நிலையாக அர்ப்பணிக்கப்பட்ட வக்ஃப் ஆகும். முஸல்லா எனப்படும் தொழுமிடமோ பின்னர் வேறு பயனுக்குத் திரும்பக் கூடியது. ஓர் அறையைத் தந்தால் அது மீளாது என்று அஞ்சும் நிர்வாகத்தினர் இவ்வேறுபாட்டை அறிதல் நலம்.

இசுலாமியர் நிறுவிய திருச்சிராப்பள்ளி ஜமால் முகம்மது கல்லூரியில் (1951) பள்ளிவாசல் உண்டு. நம் கல்லூரிகளில் சிற்றாலயம் உண்டு. பொதுவான வளாகங்களிலேயே சிக்கல் எழுகின்றது. இலங்கையில் 1952-இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் விகாரை, குறிஞ்சிக் குமரன் கோயில், கிறிஸ்தவ ஆலயம், பள்ளிவாசல் ஆகிய நான்கும் அமைந்துள்ளன. மாறாக, அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழக விடுதியில் 2024 மார்ச் 16 இரவு, ரமலான் தொழுகைக்காகக் கூடிய வெளிநாட்டு மாணவர்களை ஒரு கும்பல் தாக்கியது. இலங்கையர் ஒருவரும் தஜிகிஸ்தானியர் ஒருவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இடம் ஒதுக்கப்படாதபோது தொழுகை நின்றுவிடுவதில்லை. பாதுகாப்பற்ற இடத்தில் நிகழ்கின்றது.

பொது அறைக்கும் ஒழுங்கு தேவை. செருமனியில் டார்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அனைவர்க்கும் உரிய தன் அமைதி அறையை 2016-இல் மூடியது. இசுலாமிய மாணவர் சிலர் அதனைத் தமதாக்கி, ஆண் பெண் எனத் தடுத்துப் பிரித்தமையே காரணம். ஆதலின் பொது அறையாயின், அதன் நேரங்களையும் விதிகளையும் தொடக்கத்திலேயே எல்லாரும் கூடி வகுத்தல் வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அளிக்கின்றது. 28-ஆம் பிரிவு, அரசு ஏற்பு அல்லது நிதியுதவி பெற்ற கல்வி நிலையத்தில் எவரையும் வழிபாட்டிற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. எனினும் கல்லூரி ஒவ்வொன்றும் அறை தரவேண்டும் என இவை வெளிப்படையாகக் கூறவில்லை. சட்டம் மௌனமாயிருக்குமிடத்தில் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் பேசவேண்டியதாகின்றது.

இங்கே திருமறை நமக்கு வழிகாட்டுகின்றது. பாபிலோனில் கல்வி பயின்ற சிறைப்பட்ட வாலிபன் தானியேல், பின்னர் எருசலேமை நோக்கித் திறந்த பலகணியருகே நாள்தோறும் மூன்று வேளை முழங்காற்படியிட்டான் (தானியேல் 6:10). நேரமும் திசையும் உடைய செபம் திருமறைக்கு அந்நியமன்று. அதனைத் தடைசெய்த கட்டளையே அங்குக் கண்டிக்கப்படுகின்றது. ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன், தூரதேசத்து அந்நியனின் விண்ணப்பத்தையும் கடவுள் கேட்டருள வேண்டுமென மன்றாடினான் (1 இராஜாக்கள் 8:41-43). இதனால் இரு சமயங்களும் ஒன்றே என்று நாம் கூறுவதில்லை. கிறிஸ்துவைப் பற்றிய நம் சாட்சி, பிறர் செபிக்க இடமின்றி நிற்பதனால் வலுப்பெறாது என்றே கூறுகின்றோம்.

ஆகவே கல்லூரி நிர்வாகத்தில் பங்குபெறும் திருப்பணியாளர், தூய அறை ஒன்று, கால் கழுவத் தண்ணீர்க் குழாய், மாணவியருக்கு இடம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்கு ஏற்ற பாடவேளை ஆகியவற்றிற்காகப் பரிந்துரைக்கலாம். நம் மாணாக்கர் சிறுபான்மையாய் இருக்கும் வளாகங்களில் அவர்களுக்காக நாம் கேட்கக்கூடியதும் இதுவே அன்றோ?