எரிச்சல் அடங்கினாலும் பாதத்தைப் பாருங்கள்

பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடும். விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல், விரல்களில் ஊசிக்குத்தல். போர்வை உரசினாலே உயிர் போகும். பல வருடச் சர்க்கரை நரம்பைத் தின்றதன் விளைவு இது. கபாபென்டின், பிரிகாபலின், டுலோக்செடின் என்று மாத்திரையை மாற்றிப் பார்த்தும் பலருக்கு மிஞ்சுவது தலைசுற்றலும் மந்தமும்தான்.

மாத்திரைக்கு மசியாத இந்த வலிக்குத்தான் தண்டுவட மின்தூண்டல். தண்டுவட உறைக்கு வெளியே, சேமியா போன்ற மெல்லிய கம்பிகளை ஊசி வழியாக நுழைக்கிறார்கள். பேட்டரி, இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் இருக்கும். மூளைக்கு ஏறும் வலிச் செய்தியை மின்துடிப்பு பாதி வழியிலேயே மட்டுப்படுத்துகிறது. எடுத்த எடுப்பில் பேட்டரியை உள்ளே வைப்பதில்லை. சில நாள் வெளிக்கருவியோடு வெள்ளோட்டம். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள்.

அமெரிக்காவில் 216 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. நொடிக்கு 10,000 துடிப்புகள் தரும் கருவி அது. மூன்றாம் மாதத்தில், மருந்தோடு கருவியும் பெற்றவர்களில் 79 சதவீதம் பேருக்கு நரம்பு நிலை மோசமாகாமலே வலி பாதிக்குமேல் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அப்படிப் பலன் கண்டவர்கள் 5 சதவீதம்தான். அதே ஆண்டு அந்நாட்டில் இச்சிகிச்சைக்கு அனுமதியும் கிடைத்தது. போலித் தூண்டலோடு ஒப்பிடவில்லை, கிருமித்தொற்று அபாயம் உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் தூங்காதவருக்கு இது பெரிய வரம்.

என் கவலை, தூக்கம் திரும்பிய பிறகு வருவது. எரிகிற அதே காலுக்கு முள் தைத்தது தெரியாமல் போகலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதத்தில் சேர்ந்தே குடியிருக்கும். ஆய்வில் சிலருக்குத் தொடு உணர்ச்சி கொஞ்சம் தேறியது உண்மை. அதை நம்பிக் காலைக் கவனிக்காமல் விடக்கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும். வெறுங்காலோடு கோயில் பிராகாரத்தின் சுடுகல்லில் நடந்தவர், கொப்புளத்தை மறுநாள் சாக்ஸ் ஈரத்தில்தான் கண்டுபிடிப்பார். அது புண்ணாகி, அழுகி, விரலை எடுப்பதில் முடியலாம்.

கருவி பொருத்தினாலும் இல்லாவிட்டாலும், 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இத்தனை நாள் வலி உங்களை எழுப்பிய அந்த இரவு நேரத்தில், படுக்குமுன் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.