உயிர்மருத்துவ ஆய்வுக்கு இளநிலை மாணவர்களை ஆயத்தப்படுத்துதல்: மேயர்ஹாஃப் திட்டத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகப் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் செயல்படும் மேயர்ஹாஃப் திட்டம், அறிவியல் ஆய்வில் போதிய இடம்பெறாத சமூகத்து மாணவர்களை ஆய்வாளர்களாக உருவாக்கிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உயிர்மருத்துவம், இளநிலைக் கல்வி, கூட்டுக் கற்றல், வழிகாட்டல்.

முன்னுரை

அறிவியல் விருப்பத்தோடு கல்லூரியில் சேரும் மாணவர் பலர் முதலிரண்டு ஆண்டுகளிலேயே துறை மாறிவிடுகின்றனர். இதற்கு ஆர்வக்குறைவும் முன்பயிற்சிக் குறைவுமே காரணங்களாகக் கூறப்படுவது வழக்கம். 1970களில் பெர்க்லியில் நுண்கணிதம் கற்ற மாணவர்களை ஆராய்ந்த யூரி ட்ரைஸ்மேன் வேறொன்றைக் கண்டார். சீன அமெரிக்க மாணவர்கள் குழுவாக அமர்ந்து கணக்குகளை விவாதித்தனர். கறுப்பின மாணவர்களோ பெரும்பாலும் தனித்தே படித்தனர். கடினமான கணக்குகளைக் கூடித் தீர்க்கும் பயிலரங்குகளை அவர் அமைத்தபோது கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்தது. குறை மாணவரிடம் மட்டுமன்று, கற்கும் சூழலிலும் உள்ளது என்பதை இது உணர்த்தியது.

திட்டத்தின் தோற்றம்

ராபர்ட் மேயர்ஹாஃப், ஜேன் மேயர்ஹாஃப் இணையரின் நன்கொடையுடன், ஃபிரீமன் ஹ்ரபோவ்ஸ்கியின் முயற்சியால் 1988இல் இத்திட்டம் உருவானது. 1989இல் 19 கறுப்பின ஆண் மாணவர்கள் முதலணியாகச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு பெண்களும் சேர்க்கப்பட்டனர். கறுப்பினத்தவருக்கு மட்டுமான ஓர் உதவித்தொகை செல்லாதென 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, 1996 முதல் அனைத்து இனத்தவருக்கும் திட்டம் திறக்கப்பட்டது.

செயல்முறை

பின்தங்கியோருக்கான ஈடுசெய் வகுப்பாக இத்திட்டம் அமையவில்லை. சிறந்தோரை மேலும் உயர்த்துவதே இதன் அணுகுமுறை. முதற்பருவத்திற்கு முந்தைய கோடையில் மாணவர்கள் ஒன்றாகத் தங்கிக் கணிதமும் அறிவியலும் பயில்கின்றனர். குழுவாகப் படிப்பது வலியுறுத்தப்படுகிறது. அடிப்படைப் பாடத்தில் நடுத்தர மதிப்பெண் பெற்றவர் அதை மீண்டும் பயில ஊக்குவிக்கப்படுகிறார். மேற்படிப்பு அவ்வடித்தளத்தின் மேல் எழுவதே காரணம். தொடக்கத்திலேயே ஆய்வகப் பணியும் பேராசிரியர் வழிகாட்டலும் கிடைப்பதால், மாணவர் தம்மை ஆய்வாளராகக் கருதத் தொடங்குகிறார்.

விளைவும் வரம்பும்

இடம் கிடைத்தும் மறுத்து வேறு கல்லூரிகளுக்குச் சென்றோரோடு ஒப்பிடும்போது, இத்திட்ட மாணவர்கள் முனைவர் பட்டப் படிப்பில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு மிகுதி எனக் கண்டறியப்பட்டுள்ளது. கோவிட் தடுப்பூசி ஆய்வில் பங்காற்றிய கிஸ்மேகியா கார்பெட் இத்திட்டத்தில் பயின்றவர். எனினும் சேர ஒப்பியோருக்கும் மறுத்தோருக்கும் ஆய்வு நாட்டம் தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கலாம் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஆகவே இம்முறை பிற இடங்களிலும் பயன்தருமா என்பது முதன்மையான வினாவாகிறது. 2013இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சாப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் இதனைப் பின்பற்றின. அங்கும் தொடக்க விளைவுகள் ஒத்திருந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆயினும் பயிற்சி மட்டுமே போதுமானதன்று. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வுநிதி பெறுவதில், கல்வித்தகுதி, வெளியீடுகள் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் கறுப்பின விண்ணப்பதாரர்கள் வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் பின்தங்கியிருந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. இதன் பின்னர் அந்நிறுவனங்கள் 2014இல் இளநிலைப் பயிற்சியையும் தேசிய வழிகாட்டல் வலையமைப்பையும் இணைத்த பெருந்திட்டத்தைத் தொடங்கின.

முடிவுரை

உதவித்தொகை மாணவரைக் கல்லூரிக்குள் கொண்டுவருகிறது. கூட்டுக் கற்றலும் வலுவான அடித்தளமும் ஆய்வக அனுபவமும் அவரைத் துறையில் நிலைபெறச் செய்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிறுவனம் முழுப்பயனை எதிர்பார்க்க இயலாது. பயிற்சி பெற்றோர் நுழையும் ஆய்வுலகமும் நடுநிலையோடு மதிப்பிடும்போதே அப்பயிற்சி நிறைவுபெறும்.